ஸ்பாருக்கு மரம் எடுக்கிறீங்களா? எண்ணைப் பார்க்கும் முன் நாரைப் பாருங்க!

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிப்போம். சிட்கா ஸ்ப்ரூஸ் மரத்தின் வளைவு வலிமை எவ்வளவு?

கையேட்டைப் புரட்டினால் பதில் கிடைத்துவிடும். 12 சதவீத ஈரப்பதத்தில் சுமார் 70 மெகாபாஸ்கல். வைவாவில் இதைச் சொன்னால் முழு மார்க். ஆனால் ஒரு விமானத்தின் இறக்கையைத் தாங்கப்போகிற பலகையைக் கையில் வைத்துக்கொண்டு இதே பதிலைச் சொன்னால், பாதி மார்க்தான் தருவேன். ஏனென்றால் அந்த 70 என்பது, நார் நேராக ஓடுகிற, கணு இல்லாத, சின்ன மாதிரித் துண்டுகளை உடைத்துப் பார்த்துக் கண்ட எண். உங்க கையில் இருக்கிற பலகையில் நார் எப்படி ஓடுது? அது தெரியாமல் அந்த எண் உங்களுக்கு எந்த உத்தரவாதமும் தராது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரத்தில் ஸ்பார் செய்பவருக்கு முதல் டிசைன் முடிவு மரக்கடையில்தான் நடக்கிறது. கணினி அதுக்கு அப்புறம்தான். நம்ம படிப்போ இந்த வரிசையைத் தலைகீழாகப் பழக்கிவிடுகிறது. முதலில் மென்பொருளில் ஒரு எண்ணைப் போடு, கலர் கலரா படம் எடு, பொருளைக் கடைசியில் பார்த்துக்கலாம் என்று. இது மாறணும்.

இப்போ யாருப்பா மரத்துல பிளேன் கட்டுறாங்க?

நியாயமான கேள்வி. பயணிகள் விமானத்தில் யாரும் இப்போது மர இறக்கை வைப்பதில்லை. ஆனால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டு கராஜில் சொந்தமாக விமானம் கட்டுகிற ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. ஹோம்பில்ட் என்று சொல்வார்கள். அதில் மரத்துக்கு இன்னும் மவுசு குறையவில்லை.

பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர் மினசோட்டா மாநிலத்தில் 1929-ல் ஃபோர்டு மாடல்-ஏ கார் எஞ்சினை வைத்துப் பறக்கவிட்ட 'ஏர் கேம்பர்' விமானத்தை, அதே வரைபடத்தை வைத்து இன்றும் கட்டுகிறார்கள். போயிங்கில் பொறியாளராக இருந்த பீட்டர் பவர்ஸ் வடிவமைத்த 'ஃப்ளை பேபி' 1962-ல் ஹோம்பில்ட் சங்கம் நடத்திய டிசைன் போட்டியில் ஜெயித்தது. அதுவும் மரம்தான். வானத்தில் குட்டிக்கரணம் அடிக்கிற 'பிட்ஸ் ஸ்பெஷல்' பார்த்திருப்பீர்கள். துணி போர்த்திய அந்தச் சின்ன இறக்கைக்குள் இருப்பது ஸ்ப்ரூஸ் ஸ்பார்.

ஸ்பார் என்றால் இறக்கையின் முதுகெலும்பு. விமானத்தின் உடலில் இருந்து இறக்கை நுனி வரை ஓடுகிற உத்தரம். ரிப், துணி, பெட்ரோல் டேங்க் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. காற்று தருகிற தூக்குவிசை முழுக்க அது வழியாகத்தான் உடலுக்கு வந்து சேருகிறது.

தொழிற்சாலையில் என்றால் மரத்தைத் தரம் பிரிக்க ஒருவர், அறுக்க ஒருவர், சோதிக்க இன்னொருவர். ஹோம்பில்டில் இந்த மூன்று பேரும் ஒரே ஆள்தான். அந்த இறக்கையில் முதன்முதலாக உட்கார்ந்து பறக்கப்போவதும் பெரும்பாலும் அதே ஆள். துணி ஒட்டி பெயின்ட் அடித்த பிறகு ஸ்பார் முழுவதையும் யாராலும் எளிதாகப் பார்க்க முடியாது. தவறான பலகை உள்ளே போனால், வெளியே தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

27 மடங்கு வித்தியாசம்

விறகு பிளந்திருக்கீங்களா? நெட்டுக்குத்தாக நிறுத்தி கோடாரியை இறக்கினால் ஒரே போடில் இரண்டாகப் பிரியும். அதே கட்டையைப் படுக்கப்போட்டுக் குறுக்கே வெட்டிப் பாருங்க, கை வலிதான் மிச்சம். இவ்வளவுதான் விஷயமே.

மரம் என்பது நீளநீளமான குழாய் போன்ற செல்களின் கட்டு. குழாயின் நீளவாக்கில் இழுத்தால் செல் சுவரே விசையைத் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் ஒரு குழாயை இன்னொன்றோடு ஒட்டி வைத்திருக்கும் பிணைப்பு மட்டும்தான் தாங்க வேண்டும். சிட்கா ஸ்ப்ரூஸில் நாருக்குக் குறுக்கே இழுவிசை வலிமை வெறும் 2.6 மெகாபாஸ்கல். 70-ஐ 2.6-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 27.

ஒரே பலகை, ஒரே மரம். திசை மாறினால் 27-ல் ஒரு பங்கு. எஃகில் இப்படி யோசிக்கவே தேவையில்லை என்பதால்தான் நமக்கு இது உறைப்பதில்லை. முதல் வருஷத்தில் இருந்து ஒவ்வொரு கணக்கின் மேலேயும் "பொருள் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி என்று கொள்க" என்று எழுதிப் பழகிவிட்டோம்.

நார் பலகையின் விளிம்புக்கு இணையாக ஓடாமல் சாய்ந்து ஓடினால் என்ன ஆகும்? நீளவாக்கில் வருகிற இழுவிசையில் ஒரு பகுதி, நார்களைப் பிரித்து எடுக்கிற வேலையைச் செய்ய ஆரம்பிக்கும். அந்தத் திசையில் மரத்திடம் இருப்பது 2.6 மட்டும்தான்.

இந்தச் சாய்வை '15-க்கு 1', '10-க்கு 1' என்று சொல்வார்கள். பலகையில் 15 அங்குலம் போவதற்குள் நார் 1 அங்குலம் விலகினால் 15-க்கு 1. அமெரிக்க அரசின் மரப்பொருள் ஆய்வகம் வெளியிடும் கையேட்டில் இதற்கான அட்டவணை இருக்கிறது. நேர் நாரின் வளைவு வலிமையை 100 என்று வைத்தால்:

20-க்கு 1 சாய்வில் 93
15-க்கு 1 சாய்வில் 89
10-க்கு 1 சாய்வில் 81
5-க்கு 1 சாய்வில் 55

திடீர் அடியைத் தாங்கும் திறன் இதைவிட வேகமாகச் சரிகிறது. 15-க்கு 1 என்றால் 81, 10-க்கு 1 என்றால் 62, 5-க்கு 1 என்றால் வெறும் 36. பறக்கும்போது இறக்கையை உலுக்குகிற காற்றுக் குலுக்கலை நினைத்துக்கொண்டு இந்த மூன்று எண்களையும் இன்னொரு முறை படியுங்க.

ஆனால் அழுத்து வலிமை 10-க்கு 1 சாய்விலும் 99-லேயே நிற்கிறது. ஆக, அடி வாங்குவது இழுவிசைப் பக்கம்தான். தாங்குகம்பி இல்லாத இறக்கை மேல்நோக்கி வளையும்போது ஸ்பாரின் கீழ்ப்பக்கம் இழுபடும். நேர் நார் மரம் பெரும்பாலும் மேல்பக்கத்தில் மெல்ல நசுங்க ஆரம்பித்து, முனகி, நீள நீளச் சிலும்பாக உடையும். சாய்ந்த நார் அப்படி எதுவும் சொல்லாது. கீழ்ப்பக்கம் சட்டென்று பிளந்துவிடும்.

நீங்களே போட்டுப் பாருங்க

அட்டவணையை மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ஆர்.எல். ஹேங்கின்சன் என்பவர் 1921-ல் அமெரிக்க ராணுவ விமானப் பிரிவுக்காக, ஸ்ப்ரூஸ் மரத்தைப் பல கோணங்களில் நசுக்கிப் பார்த்து ஒரு சூத்திரம் கொடுத்தார். கட்டடப் பொறியியலில் மரம் பற்றிப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அதைப் படிக்கிறார்கள். அது பிறந்ததே விமான மரத்துக்காக என்பது பலருக்குத் தெரியாது. பிறகு இழுவிசைக்கும் வளைவுக்கும் அதையே பயன்படுத்தத் தொடங்கினார்கள்.

சுருக்கினால் இப்படி வரும். சாய்வை வர்க்கப்படுத்துங்க. அதோடு 1-ஐக் கூட்டினால் மேல் எண். அதே வர்க்கத்தை 27-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால் கீழ் எண். மேலதைக் கீழதால் வகுங்க.

15-க்கு 1 என்றால் வர்க்கம் 225-ல் ஒரு பங்கு. மேலே 1.0044, கீழே 1.12. விடை 0.897. அட்டவணை சொன்னது 89. 10-க்கு 1 போட்டால் 0.795 வரும், அட்டவணையில் 81. 5-க்கு 1 போட்டால் சரியாகப் பாதி, அட்டவணையில் 55. நூறு வருஷத்துக்கு முந்தைய சூத்திரம், இரண்டே எண்கள், செல்போன் கால்குலேட்டர் போதும். நிஜத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வருகிறது.

"அதான் சேஃப்டி ஃபேக்டர் இருக்கே!"

இதைச் சொல்லாத ஆளே கிடையாது. சரி, கணக்குப் போடுவோம்.

சாதாரண வகைச் சிறு விமானத்துக்குப் பொதுவாக எடுக்கிற எல்லைச் சுமை 3.8 ஜி. அதன் மேல் 1.5 மடங்கு. ஆக, நேர் நாரில் மிகச் சரியாக அளவெடுத்துச் செய்த ஸ்பார் 5.7 ஜி-யில் உடையும். அதே அளவு ஸ்பாரை 5-க்கு 1 சாய்ந்த பலகையில் செய்தால்? 5.7-ல் 55 சதவீதம், அதாவது சுமார் 3.1 ஜி. அனுமதித்த எல்லைக்குள்ளேயே இறக்கை போய்விட்டது. உயரம் குறையாமல் 60 டிகிரி சாய்ந்து திரும்பினாலே 2 ஜி வரும். அந்த நேரத்தில் ஒரு பலமான காற்றுக் குலுக்கல் சேர்ந்தால் மிச்சக் கணக்கை நீங்களே போடுங்க.

5-க்கு 1 என்பது கோணத்தில் 11 டிகிரிதான். கொஞ்சம் சாய்வாத் தெரியுது, பரவாயில்ல என்று சொல்லிவிடக்கூடிய அளவு. அந்த 'பரவாயில்ல' 1.5 மடங்கையும் தின்றுவிட்டு அதற்கு மேலும் கேட்கிறது.

சேஃப்டி ஃபேக்டர் இருப்பது நமக்குத் தெரியாத விஷயங்களுக்காக. எதிர்பாராத காற்று, பைலட்டின் அவசரம், வருடக்கணக்கில் ஏறி இறங்குகிற ஈரப்பதம். கண்ணால் பார்த்தாலே தெரிகிற ஒரு குறையைப் பார்க்காமல் விட்டதற்கு அதைச் செலவழித்தால், நிஜமாகவே தேவைப்படும்போது பாக்கி இருக்காது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. தன் ஏ.சி. 43.13-1பி கையேட்டில் ஸ்ப்ரூஸுக்கு 15-க்கு 1 என்று எல்லை போட்டதும் அதனால்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

அதே கையேட்டில் கணுவுக்கும் விதி இருக்கிறது. அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு விட்டம் வரையுள்ள உறுதியான கணுவை ஏற்கலாம். ஆனால் அது உத்தரத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் இருக்கணும், ஓரத்தில் இருக்கக் கூடாது, விளிம்பு நாரை எல்லை மீறித் திருப்பியிருக்கக் கூடாது. ஏன் நடுவில் மட்டும்? நடு அச்சில் வளைவு அழுத்தம் சுழி, ஓரத்தில் உச்சம். இரண்டாம் வருஷம் படித்த அதே பாடம். கணு என்பது ஓட்டை மாதிரிதானே என்று நினைக்காதீங்க. சுற்றியுள்ள நாரை அது வளைத்துவிடுகிறது, சேதம் அங்கேதான்.

கண்ணை ஏமாற்றும் கோடுகள்

"நான் பார்த்துத்தான் வாங்கினேன், கோடெல்லாம் நேராத்தான் இருந்துச்சு" என்று சொல்பவர்களுக்காக இந்தப் பகுதி. பலகையில் நாம் பார்க்கிற கோடுகள் ஆண்டு வளையங்களின் வெட்டு. அவை எப்போதும் நாரின் திசையைக் காட்டாது.

சாய்வு இரண்டு வகையில் வருகிறது. முதல் வகை, அறுக்கும்போது வருவது. மரம் மேலே போகப்போகச் சிறுக்கும். பட்டைக்கு இணையாக அறுக்காமல் நடுத்தண்டுக்கு இணையாக அறுத்தால் வெளிப்பக்கப் பலகைகளில் நார் சாயும். வளையக் கோடுகள் நெருக்கமாக, கோடு கோடாகத் தெரிகிற முகத்தில் இதைப் பார்த்துவிடலாம்.

இரண்டாவது வகை, மரம் வளரும்போதே முறுக்கிக்கொண்டு வளர்வது. துணி பிழியும்போது முறுக்குமே, அப்படி. இது வளையக் கோட்டில் தெரியவே தெரியாது. அடுத்த முகத்தில், வளையக் கோடுகள் மலை மலையாக அகன்று தெரிகிற பக்கத்தில்தான் தேடணும். அங்கேயும் அந்த மலைக்கோட்டை நம்பக் கூடாது. காய்ந்ததால் விழுந்த மெல்லிய வெடிப்பு எந்தப் பக்கம் ஓடுகிறது, ஸ்ப்ரூஸில் பொடிப் பொடியாகப் பழுப்புக் கீற்று போலத் தெரிகிற பிசின் குழாய்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன, இவைதான் சாட்சி.

இரண்டு முகத்திலும் தனித்தனியாக 15-க்கு 1 இருந்தால் பாஸ் என்று நினைத்தால் அதுவும் பொறிதான். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், உண்மையான சாய்வு 10.6-க்கு 1. வலிமை 81 சதவீதம் பக்கம் வந்துவிடும்.

கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். வழுவழுப்பாக இழைத்த இடத்தில் இங்க் பேனாவால் ஒரு சொட்டு வையுங்க, மை நார் வழியே நீளமாகப் பரவும். அதைவிட நேர்மையான சோதனை, பலகையின் நுனியில் இருந்து வெட்டிய துண்டில் உளியை வைத்துத் தட்டிப் பிளப்பது. பிளவு எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் நார். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

முதல் உலகப் போரில் இதைப் பெரிய அளவில் செய்தே காட்டினார்கள். 1917-ல் அமெரிக்க ராணுவம் ஸ்ப்ரூஸ் வெட்டுவதற்கென்றே ஒரு படைப்பிரிவை உருவாக்கி, ஆயிரக்கணக்கான வீரர்களை வாஷிங்டன், ஓரிகன் காடுகளுக்கு அனுப்பியது. அங்கே பெரிய அடிமரங்களை ஆப்பு அடித்து, நார் போகிற வழியிலேயே பிளந்தும் எடுத்தார்கள். ரம்பம் தன் இஷ்டத்துக்கு நேராகப் போகும், ஆப்போ நார் சொல்கிற வழியில்தான் போகும்.

நாரோடு சேர்ந்து வேலை செய்வது

இதையெல்லாம் படித்துவிட்டு 'மரமே ஆபத்து' என்ற முடிவுக்கு வராதீங்க. நாரைப் புரிந்துகொண்டால் அது நமக்காக உழைக்கும்.

பெட்டி வடிவ ஸ்பாரில் மேலும் கீழும் ஸ்ப்ரூஸ் பட்டை, பக்கங்களில் ப்ளைவுட். அந்த ப்ளைவுட்டை மேல்நார் 45 டிகிரியில் வருகிற மாதிரி ஒட்டுவது வழக்கம். ஏன் தெரியுமா? வெட்டுவிசையைப் பிரித்தால் 45 டிகிரியில் ஒரு இழுவிசையும் அதற்குச் செங்குத்தாக ஓர் அழுத்தமும் கிடைக்கும். மோர் வட்டம் வரைந்து வரைந்து சலித்துப் போனோமே, அதன் விடையை அங்கே பசை போட்டு ஒட்டி வைத்திருக்கிறார்கள். 

மெல்லிய பட்டைகளை ஒட்டிச் செய்கிற லேமினேட்டட் ஸ்பாரிலும் இதே புத்திசாலித்தனம் இருக்கிறது. ஒரு பட்டையில் ஒளிந்திருக்கும் குறை அந்தப் பட்டையோடு நிற்கும். ஆனால் ஒவ்வொரு பட்டையையும் பார்த்து எடுத்திருந்தால்தான் இது செல்லுபடியாகும். எல்லாப் பட்டையும் ஒரே சாய்ந்த பலகையில் இருந்து வந்திருந்தால் பசை எதையும் நிமிர்த்தாது.

நமக்கு இது எதுக்கு?

நம்மில் எத்தனை பேர் ஸ்ப்ரூஸ் ஸ்பார் செய்யப்போகிறோம்? ரொம்பக் குறைவு. ஆனால் ஏரோ டிசைன் போட்டிக்கு பால்சா வாங்காத அணி உண்டா? ஒரே அடர்த்தியுள்ள பால்சா ஷீட்டும் அறுத்த விதத்தைப் பொறுத்து ஒன்று சுலபமாக வளையும், இன்னொன்று விறைப்பாக நிற்கும். முதலாவது வளைந்த தோலுக்கு, இரண்டாவது ரிப்புக்கு. ரிப்பை நார் குறுக்காக வருகிற மாதிரி வெட்டி வைத்துவிட்டு, அனாலிசிஸ்ல பாஸ் ஆச்சே, எப்படி உடைஞ்சுது என்று கேட்பதில் அர்த்தமில்லை.

கார்பன் ஃபைபர் மட்டும் விதிவிலக்கா? ஒரே திசை இழைத் துணியில் குறுக்கு வலிமை நீளவாக்கு வலிமையைவிடப் பல பத்து மடங்கு குறைவு. லேயப் போடும்போது கை 5 டிகிரி நழுவினால், அங்கே நீங்கதான் கோணலாக அறுத்த ரம்பக்காரர். முப்பரிமாண அச்சில் எடுத்த பிராக்கெட் அடுக்கு அடுக்காகப் பிரிந்து வருவதும் இதே கதைதான். பொருள்கள் மாறுகின்றன, திசை என்ற கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

அதனால் மூன்று விஷயம் கேட்கிறேன்.

ஒன்று, ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் எஃகுக் கம்பியை இழுத்துப் பார்ப்பதோடு, ஒரே பலகையில் இருந்து நேராகவும் 10-க்கு 1, 5-க்கு 1 சாய்த்தும் வெட்டிய மூன்று மரத்துண்டுகளை வளைத்து உடைக்கட்டும். செலவு சில நூறு ரூபாய்க்குள் முடியும். அந்தச் சத்த வித்தியாசத்தை ஒருமுறை கேட்டவர்களுக்கு மறக்காது.

இரண்டு, ஏரோ கிளப்பில் பொருள் வாங்கும் வேலையை ஜூனியர்கள் தலையில் கட்டிவிட்டு, சீனியர்கள் மென்பொருளோடு உட்கார்ந்துகொள்ளும் வழக்கம் மாறட்டும். டிசைன் செய்தவரே கடைக்குப் போய்ப் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கட்டும். ரிப்போர்ட்டில் அடர்த்தி எழுதுகிற இடத்தில் நார்ச் சாய்வையும் அளந்து எழுதட்டும்.

மூன்று, பட்டறையில் இருக்கிற கார்பென்டர் அண்ணனிடம் போய்ப் பேசுங்க. இழைப்புளி எதிர் நாரில் பட்டுப் பிய்க்கிற சத்தத்தை வைத்தே அவர் நாரின் போக்கைச் சொல்லிவிடுவார். அவருக்கு ஹேங்கின்சன் தெரியாது, நமக்கு நார் தெரியாது. அரை மணி நேரம் உட்கார்ந்தால் ரெண்டு பேருக்கும் லாபம்.

அடுத்த போட்டிக்கு மரம் வாங்கப் போகும்போது பையில் ஒரு இங்க் பேனா, ஒரு சின்ன உளி, ஒரு ஸ்கேல் எடுத்துட்டுப் போங்க. கடைக்காரர் ஒரு மாதிரியா பார்ப்பார், பார்க்கட்டும். 15 அங்குலத்துக்கு 1 அங்குலத்துக்கு மேல் நார் விலகினால் அந்தப் பலகையை அடுக்கிலேயே திருப்பி வைச்சுடுங்க. ஷெல்ஃப் செய்ய அது தாராளமா போதும். ஸ்பாருக்கு வேண்டாம்.